வைஃபையைச் சாப்பிட்டது யார்? பொது அலையின் ஐம்பது வருடக் கதை

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், நாலு மாடித் தொடர்மாடி ஒன்று. மூன்றாம் மாடியில் நாங்கள் ஐந்து பேர். யாழ்ப்பாணம், வவுனியா, ஹட்டன், கல்முனைப் பக்கம் என்று ஊர்கள் வேறு வேறு; எல்லாரும் கலைப்பீடம். கட்டடம் முழுவதற்கும் ஒரே ஒரு ஃபைபர் இணைப்பு. அது கீழ்மாடியில் வீட்டுக்கார அன்ரியின் வீட்டுக்குள் வருகிறது. அங்கே ஒரு வைஃபை பெட்டி, இரண்டாம் மாடிப் படிக்கட்டடியில் ஒரு பெட்டி, நாலாம் மாடியில் ஒரு பெட்டி. மூன்றும் கம்பி இல்லாமல் ஒன்றோடொன்று கதைத்து நெட்டை மேலே கொண்டுபோகும். இதைத்தான் 'மெஷ்' என்கிறார்கள். மாதக் காசை ஐந்து வீடுகளும் பங்குபோட்டுக் கட்டுகிறோம்.

இரவு எட்டு மணி ஆனால் நெட் செத்துவிடும். ஸூமில் லெக்சரரின் வாய் அசையும், சத்தம் வராது. அசைன்மென்ட் 99 சதவீதத்தில் நிற்கும். ஒரு மாதம் பொறுத்தோம். பிறகு கட்டடத்தின் வட்ஸ்அப் குழுவில் கதை தொடங்கியது: "ஆரோ ஒராள் நெட் முழுக்கச் சாப்பிடுறார்." ஆள் யார் என்று பெயர் சொல்லத் தேவையிருக்கவில்லை. நாலாம் மாடியில் ஒரு அண்ணா வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு இரவில் வீட்டிலிருந்து வேலை செய்கிறார். இரவு வேலை, இரவில்தான் நெட் சாகிறது. கணக்குச் சரி. அவருடைய இணைப்பை நிறுத்துவதா என்று குழுவில் கேட்டார்கள். நாங்கள் ஐந்து பேரும் 'ஓம்' என்று கை தூக்கினோம்.

அந்தக் கை தூக்கல்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

மொறட்டுவையில் பொறியியல் படிக்கிற நண்பன் ஒருவனிடம், அவரை எப்படி 'புளொக்' பண்ணுவது என்று கேட்டோம். அவன் சிரித்துவிட்டு, "முதல்ல ஒருத்தரையும் திட்டாதேங்கோ. அளந்து பாருங்கோ. மூண்டு பெட்டிக்குப் பக்கத்திலயும் லப்டொப்போட நிண்டு பிங் போட்டு எழுதுங்கோ" என்றான். பிங் என்பது ஒரு சின்னத் தரவுப் பொதியை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்ப்பது. அளந்தோம். வந்த எண்கள் எங்களுக்கு விளங்கவில்லை. விளங்க வேண்டும் என்று தேடப்போய், கம்பியூட்டர்காரர்களின் வரலாற்றுக்குள் விழுந்துவிட்டோம். எங்கள் படிக்கட்டில் இருந்த ஒவ்வொரு பிழையையும் ஐம்பது வருடத்துக்குள் யாரோ ஒருவர் ஏற்கனவே சந்தித்திருந்தார்.

தீவுகளில் தொடங்கிய சண்டை

கதை ஹவாயில் தொடங்குகிறது. 1960-களின் கடைசியில் ஹவாய் பல்கலைக்கழகத்தின் பிரதான வளாகம் ஹொனலூலுவுக்குப் பக்கத்தில் இருந்தது. மற்றக் கல்லூரிகள் வேறு வேறு இடங்களிலும் தீவுகளிலும் சிதறிக் கிடந்தன. பெரிய கம்பியூட்டர் இருப்பது ஒரு இடத்தில், அதைப் பாவிக்க வேண்டியவர்கள் எல்லா இடத்திலும். தொலைபேசி இணைப்பு விலை கூட, தரமும் குறைவு. நோர்மன் ஏப்ரம்சன் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவும் வானொலி அலை வழியாக இதைச் செய்யலாம் என்று 1968-இல் வேலையைத் தொடங்கினார்கள். 1971-இல் ஓடத் தொடங்கிய அந்த வலையமைப்புக்குப் பெயர் அலோஹாநெட்.

அதுவரைக்கும் இருந்த வழக்கம், ஆளுக்கொரு அலையைப் பிரித்துக் கொடுப்பது. நீங்கள் பேசினாலும் பேசாவிட்டாலும் உங்கள் பங்கு உங்களுக்கு. ஏப்ரம்சன் அதைச் செய்யவில்லை. எல்லாருக்கும் ஒரே அலை. அனுப்ப ஏதாவது இருந்தால் அனுப்பு. கிடைத்தது என்று பதில் வராவிட்டால், இன்னொருவருடைய பொதியோடு மோதிவிட்டது என்று எடுத்துக்கொள். கொஞ்ச நேரம் பொறுத்துத் திரும்ப அனுப்பு. அந்தக் 'கொஞ்ச நேரம்' ஒவ்வொருவருக்கும் வேறு வேறாக, தற்செயலாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் மோதிய இருவரும் திரும்பவும் ஒன்றாக வந்து மோதுவார்கள். ஒழுங்கையில் எதிரெதிரே வந்த இரண்டு பேர் ஒரே பக்கம் விலகி விலகி முட்டுப்படுவதைப் போல.

அழகான ஏற்பாடு. ஆனால் அதற்கொரு விலை இருந்தது. இப்படி ஆளாளுக்கு நினைத்த நேரம் பேசினால், அலையின் கொள்ளளவில் ஆகக் கூடினது 18 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்படும் என்று கணக்கு காட்டியது. அதற்கு மேல் ஆட்கள் பேசப் பேச மோதல் கூடி, போய்ச்சேருவது குறையும். நேரத்தைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, துண்டின் தொடக்கத்தில் மட்டும் பேசு என்று ஒரு கட்டுப்பாடு வைத்தால் அது இரண்டு மடங்காகி 37 சதவீதம் அளவுக்கு வரும்.

இதை வாசித்தபோது எங்களுக்கு முதல் அதிர்ச்சி. பொது அலை ஒன்று நிறைவதற்கு, அதை 'முழுக்கச் சாப்பிடுகிற' ஒருவர் தேவையில்லை. எல்லாரும் நியாயமாக, கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாலே போதும். அலை தானாகத் திணறும். குற்றவாளி இல்லாமலே குற்றம் நடக்கலாம்.

கேட்டுவிட்டுப் பேசு

ஏப்ரம்சனின் கட்டுரையை வாசித்தவர்களில் ஒருவர் பொப் மெட்கால்ஃப். ஸெரொக்ஸ் கம்பனியின் கலிஃபோர்னியா ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர். 1973 மே 22-ஆம் திகதி அவர் எழுதிய குறிப்பில்தான் 'ஈதர்நெட்' என்ற பெயர் வருகிறது. அதற்கு முன் அதை 'ஆல்டோ அலோஹா வலையமைப்பு' என்றே சொன்னார்கள். டேவிட் பொக்ஸும் அவரும் சேர்ந்து அதைச் செய்து காட்டினார்கள். அவர்கள் சேர்த்த முக்கியமான பழக்கம், வீட்டில் அம்மா சொல்லித்தருகிற பழக்கம்தான்: மற்றவர் பேசுகிறாரா என்று கேட்டுவிட்டுப் பிறகு வாயைத் திற.

கம்பிக்குள் இது நன்றாக வேலை செய்தது. காற்றில்தான் சிக்கல். 1975-இல் டொபாகி, கிளைன்ரொக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்தச் சிக்கலுக்கு 'மறைந்த முனையம்' என்று பெயர் வைத்தார்கள். மலையின் அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர், உச்சியில் ஒருவர். உச்சியில் நிற்பவருக்கு இருவர் குரலும் கேட்கும். இருவருக்கும் மற்றவர் குரல் கேட்காது. இருவரும் மரியாதையாகக் காது கொடுத்துக் கேட்பார்கள். ஒருவரும் பேசவில்லை என்று நினைத்துப் பேசுவார்கள். உச்சியில் இரண்டும் மோதிக் கலையும். இருவரிலும் பிழை இல்லை.

எங்கள் கட்டடத்தில் அந்த உச்சி, இரண்டாம் மாடிப் பெட்டி. முதலாம் மாடிப் பிள்ளையின் டெப்லெட்டும் எங்கள் லப்டொப்புகளும் அந்தப் பெட்டியோடுதான் கதைக்கின்றன. இடையில் கொங்கிரீட் தட்டுகள் இருப்பதால் ஒன்றுக்கொன்று கேட்பதில்லை. போதாததற்குப் பக்கத்துக் கட்டடங்கள். ஒரு இரவு போனில் எண்ணிப் பார்த்தோம்: எங்கள் படிக்கட்டில் நின்றால் 31 வைஃபை பெயர்கள் தெரிந்தன.

ஏன் இவ்வளவு நெரிசல்? அதுவும் வரலாறுதான். 1985-இல் அமெரிக்காவின் தொடர்பாடல் ஆணைக்குழு சில அலைவரிசைகளை உரிமப்பத்திரம் இல்லாமல் பாவிக்கலாம் என்று திறந்துவிட்டது. அவை ஏற்கனவே மைக்ரோவேவ் அடுப்பு போன்ற சாமான்கள் சத்தம் போடுகிற, பெரிய கம்பனிகள் பெரிதாகத் தேடாத அலைகள். 2.4 கிகாஹேர்ட்ஸ் அவற்றில் ஒன்று. 1997-இல் வந்த வைஃபை நியமம் அந்தப் பொதுக் காணியில் குடியேறியது. 2.4-இல் ஒன்றன்மேல் ஒன்று படாத சனல்கள் மூன்றுதான் என்பது வழமையான கணக்கு: 1, 6, 11. எங்கள் பெட்டி 'தானியங்கி' என்ற பெயரில் 3-இல் நின்றுகொண்டு, 1-இல் இருப்பவர்களோடும் 6-இல் இருப்பவர்களோடும் ஒரே நேரத்தில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தது.

கூரைக்குக் கூரை

ஒரு பெட்டியிடமிருந்து இன்னொரு பெட்டி வாங்கி அடுத்ததுக்குக் கடத்துகிற யோசனையும் பழையதுதான். 1970-களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 'பொதி வானொலி' வலையமைப்பு ஒன்று ஓடியது. மலைகளில் நின்ற வானொலிப் பெட்டிகள் பொதிகளைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோயின. 1976 ஓகஸ்ட் 27-ஆம் திகதி ஆய்வாளர்கள் ஒரு வானை மதுக்கடை ஒன்றின் முற்றத்தில் நிறுத்தி, அங்கிருந்தே அந்த வலையமைப்பு வழியாக அறிக்கை ஒன்றை அனுப்பிக் காட்டினார்கள். யுத்தகளத்துக்கென்று செய்த சாமான், மேசையில் பியர் கிளாசுக்குப் பக்கத்தில் வைத்துச் சோதிக்கப்பட்டது.

அது சாதாரண வீடுகளுக்கு வந்த கதை, 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரத்தில் நடந்த 'ரூஃப்நெட்'. எம்.ஐ.டி. மாணவர்கள் நகரத்தில் குடியிருந்த தன்னார்வலர்களுக்குப் பெட்டியும் அன்டெனாவும் கொடுத்தார்கள். அவர்கள் அதைத் தங்கள் தங்கள் கூரையில் பூட்டிக்கொண்டார்கள். எங்கே எது நிற்க வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. 37 பெட்டிகள், ஏறக்குறைய நாலு சதுர கிலோமீற்றர். அதை வழிநடத்திய பேராசிரியர் ரொபர்ட் மொரிஸ். மாணவனாக இருந்தபோது 1988-இல் இணையத்தையே முடக்கிய 'மொரிஸ் புழு' என்ற நிரலை எழுதிவிட்ட அதே ஆள்.

ரூஃப்நெட்காரர்கள் கண்டுபிடித்த இரண்டு விஷயங்கள் எங்களுக்கு நேரடியாக உதவின.

ஒன்று, குறைந்த தாவல் என்பது நல்ல வழி அல்ல. கீழிருந்து மேலே ஒரே தாவலில் போகலாம் என்றால் அதுதான் வேகம் என்று பெட்டிகள் நினைத்தன. ஆனால் அந்த நீண்ட தாவல் பெரும்பாலும் பாதியில் விழுகிற தாவல். 2003-இல் அவர்கள் வேறு அளவுகோல் ஒன்றை முன்வைத்தார்கள்: ஒரு பொதி போய்ச்சேர எத்தனை தடவை அனுப்ப வேண்டி வருகிறது என்று எண்ணு, அந்த எண் எதில் குறைவோ அதுதான் நல்ல வழி. பாலத்தின் நீளத்தைப் பார்க்காதே, எத்தனை பேர் விழாமல் கடந்தார்கள் என்று பார்.

இரண்டு, கைமாற்றக் கைமாற்றக் குறையும். ஒரே அலையில் கேட்கவும் பேசவும் வேண்டிய பெட்டி ஒரே நேரத்தில் இரண்டையும் செய்ய ஏலாது. அதே எம்.ஐ.டி. குழுவைச் சேர்ந்தவர்கள் 2001-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: ஒரே சனலில் நீளும் சங்கிலியில், எல்லாம் சரியாக நடந்தாலும் ஒரு இணைப்பின் வேகத்தில் நாலில் ஒன்றுதான் கடைசிவரை போகும், அன்றைய வைஃபை விதிகளோடு ஓடவிட்டால் ஏழில் ஒன்றுக்குத்தான் வரும்.

நாங்கள் எழுதி வைத்த எண்களை இப்போது எடுத்துப் பார்த்தோம். கீழ்மாடியில் நூறு பிங்குக்கு நூறும் திரும்பி வந்தன. நாலாம் மாடியில் நூறில் 38 வரவேயில்லை. ஆனால் போனில் பார்த்தால் நாலாம் மாடியில் வைஃபை கோடுகள் முழுதாக நிற்கும்! அந்தக் கோடுகள் காட்டுவது உங்கள் போனுக்கும் பக்கத்துப் பெட்டிக்கும் இடையிலான சிக்னலின் பலத்தை மட்டும்தான். அந்தப் பெட்டிக்கும் கீழே இருக்கிற பெட்டிக்கும் என்ன நடக்கிறது என்று அது சொல்லாது. 'சிக்னல் ஃபுல்லா இருக்கு, ஆனா நெட் இல்லை' என்று நாங்கள் எத்தனை தரம் குழுவில் எழுதியிருப்போம். பதில் அந்த வசனத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது.

இடையில் நிற்கிற இரண்டாம் மாடிப் பெட்டியைத் தேடிப்போனோம். அது மின்மானி பூட்டியிருக்கிற இரும்பு அலுமாரிக்குள் இருந்தது. கதவும் பூட்டு. இரும்புப் பெட்டிக்குள் வைஃபையைப் பூட்டிவைத்துவிட்டு, அலை வரவில்லை என்று மேல்மாடியைத் திட்டிக்கொண்டிருந்தோம். அதை அங்கே வைத்தது யார் என்று குழுவில் பழைய மெசேஜ்களைத் தேடினோம். கள்ளர் எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் எல்லாருமாக எடுத்த முடிவு. "நல்ல ஐடியா" என்று முதலாவதாகப் பெருவிரலைக் காட்டியது எங்கள் அறைதான்.

வரிசை நீண்டால்

ஆனால் அலுமாரி மட்டும் எல்லாவற்றையும் விளக்கவில்லை. இரவு எட்டு மணிக்கு, ஃபைபர் வருகிற பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று வெளியே பிங் போட்டாலும் பதில் வர ஒரு செக்கன் அளவு எடுத்தது. பகலில் அது கண் மூடித் திறக்கிற நேரம்கூட இல்லை. இது காற்றின் பிழை இல்லை. வேறு ஏதோ.

இதற்கும் ஒரு முன்கதை உண்டு. 1986 ஒக்டோபரில், கலிஃபோர்னியாவில் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் பேர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையில் வலையமைப்பு இடிந்து விழுந்தது. இரண்டுக்கும் இடையில் நானூறு யார் தூரம்தான். நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இடத்தில் 40 பிட் போனது. நெரிசல் வந்தபோது ஒவ்வொரு கம்பியூட்டரும் 'என் பொதி தொலைந்துவிட்டது' என்று திரும்பத் திரும்ப அனுப்பியது. அதனால் நெரிசல் கூடியது. அதனால் இன்னும் அனுப்பியது. இதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988-இல் வெளியிட்ட தீர்வின் சாரம் மிக எளியது: பொதி தொலைந்தால் வேகத்தைக் குறை, பிறகு மெதுவாகக் கூட்டிப் பார். இணையம் இன்றும் உயிரோடு இருப்பதற்கு அந்தப் பின்வாங்கும் பழக்கம் ஒரு பெரிய காரணம்.

ஆனால் அந்தப் பழக்கம் வேலை செய்ய, பொதி தொலைய வேண்டும். அப்போதுதான் அனுப்புபவருக்கு நெரிசல் தெரியும். பிறகு வந்த காலத்தில் ஞாபகச் சில்லுகள் மலிந்தன. ரவுட்டர் செய்தவர்கள் எதையும் தொலைக்கக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் பெரிய பெரிய காத்திருப்பு வரிசைகளை உள்ளே வைத்தார்கள். தொலைவது நின்றது, காத்திருப்பு வீங்கியது. 2010-இல் ஜிம் கெட்டிஸ் என்ற நிரலாளர் தன் சொந்த வீட்டில் பெரிய கோப்புகளை அனுப்பும்போது வீட்டு நெட் முழுதும் தவழ்வதைப் பார்த்துத் துருவித் துருவி இதைக் கண்டுபிடித்தார். 'பஃபர்புளோட்' என்று பெயர் வந்தது, வரிசை வீக்கம். 2012-இல் கேத்லீன் நிக்கொல்ஸும் அதே வான் ஜேக்கப்சனும் வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ள 'கோடெல்' என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். ஒரு பொதி வரிசையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பது. அளவுக்கு மீறினால் வேண்டுமென்றே சிலதைக் கைவிடுவது.

அப்போ எங்கள் வரிசையை வீங்கவைத்தது யார்? ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, எந்தச் சாதனம் எவ்வளவு அனுப்புகிறது என்று எட்டு மணிக்குப் பார்த்தோம். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது இடங்களில் இருந்தவை எங்கள் லப்டொப்புகள். இறுதியாண்டு ஆய்வுக்காக எடுத்த நேர்காணல் வீடியோக்களை, கம்பஸ் முடிந்து வந்து லப்டொப்பைத் திறந்ததும், அவை தாமாகவே மேகத்துக்கு ஏற்றத் தொடங்குகின்றன. நாங்கள் வந்து, குளித்து, சாப்பிட்டு, லப்டொப்பைத் திறக்கிற நேரம் எட்டு மணி.

நாலாம் மாடி அண்ணாவின் சாதனம் பட்டியலில் இருக்கவேயில்லை. ஒரு எண்ணும் இல்லை.

பழி யாருக்கு

நாங்கள் செய்த வேலையை ஒரு நாட்டின் சட்டமே செய்திருக்கிறது. பேர்லினில் 2002 அளவில் 'ஃப்ரைஃபுங்க்' என்ற இயக்கம் தொடங்கியது. ஜேர்மனி ஒன்றிணைந்த பிறகு கிழக்குப் பகுதியில் புத்தம்புதிதாக ஒளியிழைத் தொலைபேசி இணைப்புகளைப் போட்டிருந்தார்கள். பிறகு வந்த டி.எஸ்.எல். இணையம் செம்புக் கம்பியில்தான் ஓடும். புதிய சாமான் கிடைத்ததாலேயே பின்தங்கிப்போன தெருக்கள் அவை. அங்கே குடியிருந்தவர்கள் கூரைகளிலும் தேவாலயக் கோபுரங்களிலும் வைஃபை பூட்டி, கிடைத்த இணைப்பைத் தமக்குள் பகிர்ந்தார்கள். இன்று லினக்ஸுக்குள்ளேயே இருக்கிற 'பட்மன்' என்ற மெஷ் வழிகாட்டும் முறை அவர்கள் மத்தியில்தான் பிறந்தது.

ஆனால் ஜேர்மன் சட்டத்தில் ஒரு கோட்பாடு இருந்தது: உங்கள் வைஃபை வழியாக இன்னொருவர் சட்டத்தை மீறினாலும் இணைப்புக்காரர் பொறுப்புச் சொல்ல வேண்டி வரலாம். 2010-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று அதை உறுதிப்படுத்தியது. பகிர்கிறவரையே சந்தேகிக்கிற சட்டம். ஃப்ரைஃபுங்க்காரர்கள் அதோடு வருடக்கணக்காக இழுபட்டார்கள். 2017-இல்தான் சட்டம் கணிசமாகத் தளர்ந்தது. அந்த இடைவெளியில், 2015-இல் அகதிகள் வந்து இறங்கியபோது பல தங்குமிடங்களுக்கு நெட் கொண்டுபோனதும் இவர்கள்தான்.

நியூயோர்க்கின் ரெட் ஹூக் பகுதியில் இன்னொரு கதை. அரசாங்கத் தொடர்மாடிகள் நிறைந்த, வசதி குறைந்த கரையோரம். அங்கே ஒரு சமூக அமைப்பு சின்ன மெஷ் ஒன்றைப் போட்டிருந்தது. 2012 ஒக்டோபர் கடைசியில் சாண்டி சூறாவளி அடித்துப் பல இணைப்புகள் விழுந்தபோது அந்த மெஷ் மிஞ்சியது. நிவாரணத்துக்கு வந்த மத்திய அரச நிறுவனம் தன் செய்மதி இணைப்பை அதனோடுதான் பூட்டியது. அதைப் பிறகு வளர்த்துப் பராமரித்தவர்கள், அதே தொடர்மாடிகளில் இருந்து பயிற்சி எடுத்த, எங்கள் வயதுப் பெடியன்களும் பெட்டைகளும். ரூஃப்நெட்டோ வேறு வழியில் போனது. அதன் மாணவர்கள் 2006-இல் மெராகி என்ற கம்பனியைத் தொடங்கினார்கள்; 2012-இல் சிஸ்கோ 120 கோடி டொலருக்கு அதை வாங்கியது. இரண்டும் ஒரே நுட்பம்தான். ஒன்று விற்கக்கூடிய சாமானாக வளர்ந்தது. மற்றது ஆட்களைப் பழக்கி வளர்ந்தது.

கடைசி வயல்

இதையெல்லாம் வாசித்துக் கதைத்துக்கொண்டிருந்த இரவு, கல்முனைப் பக்கத்து நண்பன் ஒரு வசனம் சொன்னான்: "இது எங்கட வாப்பா சொல்ற வாய்க்கால் பிரச்சினைதானே. தண்ணி இல்லாமப் போறது எப்பவும் கடைசி வயலுக்குத்தான். ஆனா மேல இருக்கிறவன் கடைசிக்காரனைத்தான் குறை சொல்லுவான்."

அவன் சொன்ன வாய்க்கால் கல்லோயாவின் வாய்க்கால். கல்லோயா, நாங்கள் பட்டிப்பளை ஆறு என்பது, என்றதும் நினைவுக்கு வருவது 1949-இல் தொடங்கிய குடியேற்றத் திட்டமும் 1956-இன் வன்முறையும்தான். அதை மறைத்துவிட்டு அந்த மண்ணைப் பற்றி ஒன்றும் சொல்ல ஏலாது. ஆனால் அதே திட்டத்தின் இடதுகரையில், 1980-களின் தொடக்கத்தில் வேறொன்றும் நடந்தது. வாய்க்கால்கள் தூர்ந்து, கடைப்பகுதிக்குத் தண்ணீர் போகாமல் கிடந்த காலம். பல்கலைக்கழகம் முடித்த இளையோரைக் கிராமங்களில் தங்கவைத்து, ஒவ்வொரு வயல் வாய்க்காலுக்கும் விவசாயிகள் சேர்ந்த சின்னக் குழுவை உருவாக்கினார்கள். அவர்கள் முதலில் புதுச் சாமான் ஒன்றும் கொண்டுவரவில்லை. ஆட்களைக் கூட்டி, வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறை வைத்து, மிஞ்சிய தண்ணீரைக் கீழே விட்டார்கள். தலைப்பகுதியில் சிங்கள விவசாயிகளும் கடைப்பகுதியில் தமிழ் பேசும் விவசாயிகளும் இருந்த இடங்களிலும் தண்ணீர் பகிரப்பட்டதை, இதில் வேலை செய்த நோர்மன் அப்ஹாஃப் 1992-இல் வெளிவந்த தன் நூலில் எழுதியிருக்கிறார். 2009-இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஒஸ்ட்ரொமின் பொதுவளங்கள் பற்றிய வாதமும் இதுபோன்ற இடங்களில்தான் ஊன்றி நிற்கிறது: பொதுச் சொத்து தானாகப் பாழாவதில்லை, பாவிப்பவர்களே விதி போட்டு, தாங்களே கண்காணித்தால் நிற்கும்.

நண்பனின் வாப்பா சொன்னதை எங்கள் கட்டடத்தில் பொருத்திப் பார்க்க, நாலாம் மாடிக் கதவைத் தட்டவேண்டியிருந்தது. தட்டினோம். அண்ணா சொன்னது இதுதான்: அவருக்கு இரண்டு மாதமாக வைஃபை வரவேயில்லை. வேலை போய்விடும் என்ற பயத்தில் தன் போன் டேட்டாவைப் போட்டு வேலை செய்கிறார். அதற்கு மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு போகிறது. வைஃபை காசையும் ஒழுங்காக அன்ரியிடம் கட்டிக்கொண்டுதான் இருந்தார். "ஏன் அண்ணா குழுவில சொல்லேல்ல?" என்று கேட்டோம். "சொன்னனான் தம்பி. 'சிக்னல் ஃபுல்லாத்தானே இருக்கு' எண்டு நீங்கள்தானே பதில் போட்டனீங்கள்" என்றார்.

தேடிப் பார்த்தோம். போட்டிருந்தோம்.

வாக்கெடுப்பு நடந்த அதே குழுவில் எங்கள் எண்கள் முழுவதையும் போட்டோம், எங்கள் மூன்று லப்டொப்புகளின் எண் உட்பட. மன்னிப்பும் அங்கேயே எழுதினோம். தனியாகக் கேட்டால் பழி பொதுவில் அப்படியே நிற்கும். பிறகு செய்தவை பெரிய வேலைகள் இல்லை. பெட்டி அலுமாரியை விட்டு வெளியே, சுவரில் உயரமாக ஏறியது. சனல் 3-இலிருந்து 11-க்குப் போனது. வீடியோ ஏற்றுவதை விடிய இரண்டு மணிக்கு மாற்றினோம். ரவுட்டரில் அப்லோட்டுக்கு ஒரு வரம்பும் வைத்தோம். கடைசியாக, காசு சேர்த்துக் கீழ்மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்கு ஒரு கேபிள் இழுத்தோம். ஐம்பது வருட வானொலி வரலாற்றை வாசித்து முடித்தவர்களுக்கு, கம்பியில்லா நோய்க்கு நல்ல மருந்து ஒரு துண்டுக் கம்பி என்று தெரிந்தது. நாலாம் மாடியில் இப்போது நூறு பிங்கில் 97, 98 திரும்பி வருகின்றன.

படிக்கட்டடியில் ஒரு கொப்பி தொங்குகிறது. மாதம் ஒரு வீடு மூன்று பெட்டிக்கும் பக்கத்தில் நின்று அளந்து எழுத வேண்டும். அளப்பது எப்போதும் மேல்மாடியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது விதி. உங்கள் தொடர்மாடியில், ஹொஸ்டலில், வாடகை அறையில் இப்படி ஒரு 'நெட் சாப்பிடுகிற ஆள்' இருப்பதாகக் கதை வந்தால், அவரைப் பிடிக்க முன்னம் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்: கடைசிப் பெட்டியடியில் நின்று யாராவது அளந்தார்களா? எட்டு மணிக்கு உங்கள் சொந்த லப்டொப் என்ன அனுப்புகிறது?

அண்ணாவுக்கு அந்த இரண்டு மாதக் காசைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். மற்ற நாலு வீடுகளும் பங்குபோட்டுச் சேர்த்த காசு. முதலில் வாங்க மறுத்தார். அன்ரி வற்புறுத்தியதால் வாங்கினார். "மன்னிப்பு எல்லாம் சரி, தம்பிமார்" என்றார். "அந்தப் பெட்டியை இனி ஒருத்தரும் அலுமாரிக்குள்ள மட்டும் வைச்சுப் பூட்டாதேங்கோ."